சூத்திரத்துக்குள் தமிழும் உருதும்: சேலத்துப் பாடப்பக்கத்துக்கு எந்த வழி?

பத்தாம் வகுப்புக் கணிதத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். ஒரே பாடம் தமிழிலும் வர வேண்டும், உருதுவிலும் வர வேண்டும். சேலம் கோட்டைப் பக்கத்தில் உருது வழியில் படிக்கும் பிள்ளை பழைய போனில் திறப்பாள். சேர்வராயன் மலையில் நாகலூர், வெள்ளக்கடை மாதிரியான ஊர்களில் சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் தமிழ் வழிப் பிள்ளை திறப்பான். இருவருக்கும் பின்னம் பின்னமாகத் தெரிய வேண்டும், சமன்பாடு சரியான பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் சிறு குழுவின் முன்னால் இப்போது நான்கு வழிகள் இருக்கின்றன: சூத்திரத்தைப் படமாகப் போடுவது, பக்கத்தோடு இறங்கிச் சூத்திரத்தை வரைந்து காட்டும் நிரல்களான கேடெக், மேத்ஜாக்ஸ், குரோம் போன்ற உலாவிக்குள்ளேயே இருக்கும் கணிதக் குறிமொழியான மேத்எம்எல். நான் மேத்எம்எல் பக்கம் நிற்கிறேன். அதன் குறைகளும் சின்னவை இல்லை, அவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

கருவியைப் பற்றிப் பேசும் முன் திசையை முடிவு செய்துகொள்ள வேண்டும். வலமிருந்து இடமாக எழுதும் மொழி என்றால் கணிதமும் அப்படியே திரும்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அரபி எழுத்தைப் பயன்படுத்தும் நாடுகளுக்குள்ளேயே மூன்று வழக்கங்கள் உண்டு. மொராக்கோவில் வாக்கியம் வலமிருந்து ஓடும், சூத்திரம் லத்தீன் எழுத்தோடு இடமிருந்தே ஓடும். எகிப்தில் மாறிகளும் அரபி எழுத்துகள்தான். சூத்திரம் முழுக்க வலமிருந்து தொடங்கும், வர்க்கமூலக் குறிகூடக் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி நிற்கும். ஈரானில் சூத்திரம் இடமிருந்துதான், எண்கள் மட்டும் பாரசீக எண்கள். இந்தியாவில் அச்சாகும் உருதுக் கணிதப் பாடநூல்கள், என்சிஇஆர்டி புத்தகங்கள் உட்பட, முதல் வழக்கத்துக்குப் பக்கத்தில் வருகின்றன: வாக்கியம் உருது, சமன்பாடு எக்ஸ், ஒய் என்று இடமிருந்து வலம்.

அப்படியானால் எங்களுக்குத் திசைப் பிரச்சினையே இல்லையே என்று குழுவில் ஒருவர் கேட்டார். இருக்கிறது, இரண்டு இடங்களில்.

முதல் இடம் வாக்கியத்துக்கு நடுவில் வரும் எளிய கணக்கு. உருது வாக்கியம் ஒன்றில் ஒரு சொல்லை அடுத்து 12-5 என்று தட்டிப் பாருங்கள். திரையில் இடமிருந்து பார்த்தால் 5-12 என்று நிற்கும். தட்டியதில் பிழை எதுவும் இல்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினித் தரமான யூனிகோடின் இருதிசை விதிப்படி, அரபி எழுத்துக்குப் பின்னால் வரும் எண்களெல்லாம் அரபி எண்களாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அப்படிப்பட்ட இரண்டு எண்களுக்கு நடுவே கழித்தல் குறி வந்தால், அது சுற்றியுள்ள வாக்கியத்தின் திசையை ஏற்றுக்கொள்கிறது. 12 என்பது 12 ஆகவே இருக்கும், 5 என்பதும் 5 ஆகவே இருக்கும். ஆனால் முதலில் வந்த 12 வலப்பக்கம் போய்விடும், 5 இடப்பக்கம் வந்துவிடும். கெய்ரோவில் கணக்கையும் வலமிருந்து படிக்கும் பிள்ளைக்கு இது பொருத்தமே. கணக்கை மட்டும் இடமிருந்து படிக்கப் பழகிய சேலத்துப் பிள்ளைக்கு விடை 7 என்பது -7 ஆகிவிடும். அதே வாக்கியத்தில் 3/4 என்று தட்டினால் அது புரளாது. சாய்கோடு எண்களோடு ஒட்டிக்கொள்ளும் குறி என்று அதற்கு வேறு விதி. ஒரு குறி புரண்டு இன்னொரு குறி புரளாமல் நிற்பதால், மெய்ப்பு பார்ப்பவர் நாலு இடத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டு ஐந்தாவது இடத்தில் கோட்டை விடுவது எளிது.

இதற்கு மருந்து உண்டு. 2013-ல் யூனிகோடு 6.3 பதிப்பில் வந்த தனிப்படுத்தும் குறிகளை (ஒரு துண்டின் திசையைச் சுற்றியுள்ள வாக்கியத்திலிருந்து பிரித்து வைக்கும், கண்ணுக்குத் தெரியாத குறிகள்) முழுக் கணக்குக்கும் முன்னும் பின்னும் போடலாம், அல்லது இணையப் பக்கத்தின் குறிமொழியான எச்டிஎம்எல்லில் அந்தத் துண்டுக்கு மட்டும் இடமிருந்து வலம் என்று திசை கொடுக்கலாம். எந்தக் கருவியைத் தேர்ந்தாலும் இந்த ஒழுங்கு வேண்டும்: உருதுப் பக்கத்தில் எவ்வளவு சின்னக் கணக்காக இருந்தாலும் அது வெறும் எழுத்தாகப் போகக் கூடாது, சூத்திரக் குறிக்குள்தான் போக வேண்டும்.

இரண்டாவது இடம் வார்த்தைகளால் எழுதும் சூத்திரம். வேகம் = தூரம் / நேரம் என்பதை உருதுவில் எழுதினால் அது ஒரு வாக்கியம் மாதிரி. பிள்ளை வலப்பக்கமிருந்து வேகம் என்று தொடங்கித்தான் வாசிப்பாள். அடுத்த வரியிலேயே எக்ஸ் வைத்த சமன்பாடு இடப்பக்கமிருந்து தொடங்கும். ஆகவே பக்கம் முழுவதற்கும் ஒரே திசை என்று வைத்தால் வேலைக்கு ஆகாது. சூத்திரத்துக்குச் சூத்திரம் திசையைச் சொல்ல முடிய வேண்டும். இந்தத் தேவையை மனத்தில் வைத்துக்கொண்டு நான்கு வழிகளையும் பார்ப்போம்.

படத்தைச் சீக்கிரம் பேசி முடித்துவிடலாம். எந்தப் போனிலும் தெரியும், வாட்ஸப்பில் அனுப்பலாம், திசை புரளாது. ஆனால் உள்ளே தமிழ்ச் சொல் இருந்தால் உருதுவுக்கு வேறு படம் வரைய வேண்டும். ஒரு பிழையைத் திருத்த இரண்டு படங்களைத் திருத்த வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கினால் வாக்கியம் பெரிதாகும், படம் அப்படியே நிற்கும். பார்வையில்லாத பிள்ளைக்கு நாம் தனியாக விளக்கம் எழுதி வைக்காவிட்டால் அங்கே ஒன்றுமே இல்லை. ஆசிரியர் குழுக்களில் பகிர்வதற்கு மட்டும் படம் இருக்கட்டும், பாடத்தின் மூல வடிவமாக அது வேண்டாம்.

கேடெக் என்பது 2014-ல் கான் அகாடமி வெளியிட்ட கருவி. வேகத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆங்கிலப் பாடம் மட்டும் என்றால் யோசிக்காமல் இதையே எடுப்பேன். தமிழ் உள்ளே வந்ததும்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒவ்வொரு எழுத்தின் உயரமும் ஆழமும் என்ன என்ற அட்டவணையைக் கேடெக் கையோடு வைத்திருக்கிறது. அதில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்தைக் கண்டால், ஆங்கிலப் பெரிய எம் எழுத்தின் அளவையே அதற்கும் எடுத்துக்கொள்கிறது. அந்த ஆங்கில எம், வரிக்குக் கீழே இறங்காத எழுத்து. நம் எழுத்துகளில் பாதி இறங்கும். நிகழ்தகவுப் பாடத்தில் மேலே "சாதகமான வாய்ப்புகள்", கீழே "மொத்த வாய்ப்புகள்" என்று ஒரு பின்னம் போட்டுப் பாருங்கள். தனி வரியில் பெரிதாக வந்தால் இடைவெளி காப்பாற்றிவிடும். வாக்கியத்துக்கு நடுவே சின்னதாக வரும்போது மேல் வரியில் "பு"வின் கால் பின்னக் கோட்டில் போய் இடிக்கும். கீழே "மொத்த" என்பதில் உள்ள புள்ளி கோட்டை ஒட்டிக்கொண்டு நிற்கும். போன் திரையில் அந்தப் புள்ளி கண்ணுக்குத் தெரியாமலே போகலாம்.

உருதுவுக்கு நிலைமை இன்னும் மோசம். கேடெக் ஏற்றுக்கொள்ளும் எழுத்துகளின் பட்டியலில் தேவநாகரி முதல் பர்மிய எழுத்து வரை உண்டு, சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளும் உண்டு, அரபி எழுத்து இல்லை. திசை மாற்றும் வசதியும் கிடையாது.

மேத்ஜாக்ஸ் கனமானது, ஆனால் கருத்தாகச் செய்யப்பட்டது. சூத்திரத்தைக் கட்டளைகளாகத் தட்டும் லேடெக் முறையையும் மேத்எம்எல்லையும் உள்ளே வாங்கிக்கொள்ளும். தமிழ்ச் சொல்லைக் கண்டால் திரையில் அதன் அகலத்தை அளந்து பார்க்கிறது. உயரத்துக்கும் ஆழத்துக்கும் ஒரு பொது மதிப்பை வைத்துக்கொள்கிறது. அந்த மதிப்பில் கீழ்ப்பக்கத்துக்கும் கொஞ்சம் இடம் இருப்பதால் தமிழ் ஓரளவு தப்பிக்கிறது. நஸ்தலிக் வடிவ உருது தப்பிக்காது. அதில் ஒரு சொல் மேலே தொடங்கிச் சரிவாகக் கீழே இறங்குவதால், பொது மதிப்புக்குள் அடங்குவதில்லை.

மேத்ஜாக்ஸில் தமிழ் எழுதுவோர் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருக்கும் கோளாறு ஒன்று உண்டு. இது வெறும் சொல் என்று சொல்லும் டெக்ஸ்ட் கட்டளைக்குள் வைக்காமல் தமிழ்ச் சொல்லை நேரடியாகச் சூத்திரத்தில் தட்டினால், ஒவ்வொரு குறியீட்டையும் தனித்தனி மாறியாக எடுத்துக்கொள்ளும். "பு" என்பது ப தனியாகவும், உகரக் குறி புள்ளிவட்டத்தோடு தனியாகவும் பிரிந்து நிற்கும். லேடெக் எழுதிப் பழகாத ஆசிரியர் இதைப் பார்த்தால் எழுத்துரு கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்.

திசையைப் பொறுத்தவரை, மேத்ஜாக்ஸ் சூத்திரத்தை எப்போதும் இடமிருந்து வலமாக வைக்கிறது. உருதுப் பக்கத்தில் எக்ஸ் வைத்த சமன்பாடு புரளாமல் நிற்க இது உதவும். ஆனால் வார்த்தைச் சூத்திரத்தை வலமிருந்து ஓட்ட முழுமையான வசதி இல்லை, சோதனை நிலை நீட்சிகள்தான். பலரும் செய்யும் குறுக்குவழி, பின்னத்தை முதலில் எழுதி, சமக்குறி போட்டு, வேகத்தைக் கடைசியில் எழுதுவது. கண்ணுக்குச் சரியாகத் தெரியும். திரைவாசிப்பான் வாசிக்கும்போது தலைகீழாக வரும், நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினாலும் தலைகீழ்தான். கண் தெரிந்த பிள்ளைக்கு ஒரு பாடமும் கண் தெரியாத பிள்ளைக்கு வேறு பாடமும் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

மேத்ஜாக்ஸுக்கு ஆதரவாகக் குழுவில் வந்த வலுவான வாதம் வேறு. சூத்திரங்களை நம் கணினியிலேயே முன்கூட்டி எஸ்விஜி என்ற கோட்டுப்பட வடிவத்துக்கு மாற்றி வைத்துவிட்டால், போனில் எந்த நிரலும் ஓட வேண்டாம், தனிக் கணித எழுத்துருவும் வேண்டாம், பழைய போனிலும் தெரியும். ஏற்காட்டு மலைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எக்ஸ், ஒய் மட்டும் உள்ள சூத்திரங்களுக்கு இது அருமையான வழிதான். தமிழ்ச் சொல் கலந்தால் கதை மாறுகிறது. லத்தீன் எழுத்துகள் கோடுகளாகவே வரையப்பட்டுவிடும். தமிழ்ச் சொல்லோ எழுத்தாகவே உள்ளே உட்கார்ந்திருக்கும், எந்த எழுத்துருவில் தெரியும் என்பது போனில் திறக்கும்போதுதான் முடிவாகும். மாற்றும் இடத்தில் உலாவி இல்லாததால் அகலம் குத்துமதிப்பாகத்தான் வைக்கப்படுகிறது. "உறுப்புகளின் எண்ணிக்கை" போன்ற நீளச் சொல் வந்தால் பின்னக் கோடு சொல்லைவிடக் குட்டையாகவோ நெட்டையாகவோ போய்விடும். வார்த்தை கலந்த சூத்திரம் இல்லாத பாடம் நம் பாடத்திட்டத்தில் குறைவு.

மேத்எம்எல் இவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறு. இங்கே சூத்திரமும் எச்டிஎம்எல் போலவே உலாவிக்குத் தெரிந்த குறிமொழி. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதை 1998-லேயே பரிந்துரையாக வெளியிட்டுவிட்டது. ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் முன்னமே ஏற்றுக்கொண்டன. குரோம் 2013-ல் 24-ஆம் பதிப்பில் சேர்த்து, அடுத்த பதிப்பிலேயே எடுத்துவிட்டது. அதன்பின் இகாலியா என்ற நிறுவனத்தின் உழைப்பால் 2023 ஜனவரியில் 109-ஆம் பதிப்பில் மேத்எம்எல் கோர் என்ற சுருக்கப்பட்ட வடிவம் குரோமுக்குள் வந்தது. நம் ஊரில் போன் என்றால் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு, ஆண்ட்ராய்டு என்றால் குரோம். ஆகவே 2023-க்கு முன்னால் இந்த ஒப்பீட்டையே எழுதியிருக்க முடியாது.

தமிழுக்கு இதில் கிடைக்கும் லாபம் நேரடியானது. சூத்திரத்துக்குள் இருக்கும் தமிழ்ச் சொல்லை, வாக்கியத்தில் உள்ள தமிழைக் கோக்கும் அதே இயந்திரம் கோக்கிறது. அளவுகள் எழுத்துருவிலிருந்தே வருகின்றன. "பு"வின் கால் எவ்வளவு இறங்குகிறது என்பது உலாவிக்குத் தெரியும், பின்னக் கோடு அதற்கேற்ப விலகி நிற்கும். நஸ்தலிக் எவ்வளவு உயரம் எடுத்தாலும் பின்னமும் அதற்கேற்ப உயரும்.

திசைக்கும் இங்கே பதில் இருக்கிறது. 2010-ல் வந்த மேத்எம்எல் 3 பதிப்பிலேயே திசைப் பண்பு உண்டு, கோர் வடிவத்திலும் அது தொடர்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் உருதுப் பக்கத்திலும் சூத்திரம் இடமிருந்து வலம், எக்ஸ் சமன்பாடுகளுக்கு நமக்கு வேண்டியது இதுவே. வார்த்தைச் சூத்திரத்துக்கு மட்டும் வலமிருந்து இடம் என்று அந்தக் குறியிலேயே எழுதிவிடலாம். வேகம் முதலில், சமக்குறி, பிறகு பின்னம் என்று கருத்தின் வரிசையிலேயே எழுதுகிறோம். வலப்பக்கமிருந்து வைத்துக் காட்டுவது உலாவியின் வேலை, வாசிக்கும் வரிசை குலைவதில்லை. பின்னாளில் எகிப்து வழக்கப்படி எழுத வேண்டி வந்தாலும், 2012-ல் யூனிகோடு 6.1 பதிப்பில் சேர்ந்த அரபிக் கணித எழுத்துகளை அப்படியே உள்ளே வைக்கலாம்.

இனி குறைகள். பெரிய ஆபத்து பழைய போன். மேத்எம்எல் தெரியாத குரோமில் 3/4 என்ற அடுக்குப் பின்னம் 34 என்று தெரியும். கோடு காணாமல் போய் இரண்டு எண்களும் ஒட்டிக்கொள்ளும். பக்கம் உடைந்ததாகவே தோன்றாது, தப்பான கணக்கு ஒழுங்காக அச்சடித்தது போலத் தெரியும். பிள்ளை அதை நம்பிவிடுவாள் என்பதுதான் எனக்குக் கவலை. ஆண்ட்ராய்டு 6 வைத்திருப்பவர்களுக்குக் குரோம் 106-ஓடு நின்றுவிட்டது, அவர்களுக்கு மேத்எம்எல் வராது. ஆண்ட்ராய்டு 7 முதல், குரோமைப் புதுப்பித்திருந்தால் வரும். பள்ளி ஆய்வகங்களில் இன்னும் ஓடும் விண்டோஸ் 7 கணினிகளுக்குக் கடைசியாகக் கிடைத்த குரோம் 109. மேத்எம்எல் சேர்ந்த அதே பதிப்பு என்பதால் அவை மயிரிழையில் தப்பித்தன. ஆகவே பக்கத்தின் தலையில் ஒரு சிறு சோதனை கட்டாயம்: உலாவி பின்னத்தை உண்மையிலேயே அடுக்குகிறதா என்று பார்த்து, இல்லை என்றால் மட்டும் மேத்ஜாக்ஸை இறக்க வேண்டும். அந்தச் சில போன்களில் பக்கம் மெதுவாக வரட்டும், தப்பாக வரக் கூடாது.

அடுத்தது எழுத்துரு. மேத்எம்எல் அழகாகத் தெரிய, கணித அளவு அட்டவணை உள்ள எழுத்துரு வேண்டும். எல்லாப் போனிலும் அது இருக்கும் என்று நம்ப முடியாது. ஸ்டிக்ஸ் டூ மேத் மாதிரி ஒன்றைப் பக்கத்தோடு அனுப்பினால் சில நூறு கிலோபைட் ஆகும். மலையில் இது பாரம்தான். ஆனால் ஒருமுறை இறங்கினால் போனிலேயே தங்கிவிடும், அடுத்தடுத்த பாடங்களுக்கு மறுபடி இறங்காது. பாடத்திட்டத்தில் வராத குறிகளை வெட்டியெடுத்தால் அளவு நன்றாகக் குறையும். எழுத்துரு வந்து சேரும் முன்பே பாடம் வாசிக்கும்படி தெரிந்துவிடும். கேடெக், மேத்ஜாக்ஸ் போல நிரல் இறங்கி ஓடி முடியும்வரை லேடெக்கின் டாலர் குறிகளையும் பின்சாய்கோடுகளையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது குறை வரி உடைத்தல். நீளமான சமன்பாட்டைப் போன் அகலத்துக்கு மடக்க மேத்எம்எல் கோருக்குத் தெரியாது. 2025-ல் வந்த மேத்ஜாக்ஸ் 4 இதைத் தானாகவே செய்கிறது, இந்த ஒன்றில் அது தெளிவாக முந்துகிறது. நாங்கள் படிகளைக் கையால் உடைத்து எழுதப் போகிறோம். கரும்பலகையில் ஆசிரியர்களும் ஒரு படிக்கு ஒரு வரி என்றுதான் எழுதுகிறார்கள், பாடத்துக்கு அதனால் நஷ்டமில்லை.

வாசித்துக் காட்டுவதில் எந்த வழியும் தமிழுக்கு இன்னும் முழுசாக இல்லை. மேத்ஜாக்ஸோடு வரும் பேச்சு இயந்திரத்தின் மொழிப் பட்டியலில் இந்தியைப் பார்த்திருக்கிறேன், தமிழைப் பார்க்கவில்லை. தமிழில் பின்னத்தைக் கீழிருந்து மேலாக, நான்கில் மூன்று என்று சொல்கிறோம். ஆங்கில விதியில் சொற்களை மட்டும் மாற்றினால் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும். சூத்திரத்தின் அமைப்பு மேத்எம்எல்லில் பத்திரமாக இருந்தால் இந்த வேலையைப் பின்னால் யாராவது செய்யலாம். படத்தில் அது முடியாது.

சரி, இதை யார் எழுதுவது? மேத்எம்எல்லைக் கையால் எழுதச் சொல்வது யாருக்கும் செய்யும் நன்மை இல்லை. ஆசிரியர்கள் வேர்டில் சமன்பாட்டுப் பெட்டியோடு தரும் கோப்பைப் பேண்டாக் என்ற இலவசக் கருவி மேத்எம்எல்லாக மாற்றித் தரும். லேடெக் தெரிந்தவர்கள் லேடெக்கிலேயே தரலாம், அதையும் பேண்டாக் மாற்றும். உண்மையான தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது: கேள்வித்தாள்கள் பல இன்னும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. சூத்திரத்துக்குள் கிடக்கும் பாமினிச் சொல்லை மாற்றிகள் தவறவிட்டுவிடும், அல்லது எக்ஸையும் சேர்த்துத் தமிழாக்கிவிடும். இதற்குக் கண் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என் வாக்கு இப்படி: மூலம் வேர்டிலோ லேடெக்கிலோ இருக்கட்டும். பக்கத்தில் போவது மேத்எம்எல். திசை சூத்திரத்துக்குச் சூத்திரம் எழுதப்பட வேண்டும். பழைய உலாவிக்கு மட்டும் மேத்ஜாக்ஸ். வாட்ஸப்புக்குப் படம். வேற்றுமொழிச் சொல் இல்லாத ஆங்கில வழிப் பாடங்களை மட்டும் யாராவது செய்தால் கேடெக்கே போதும், அவர்களை மாறச் சொல்ல எனக்குக் காரணம் இல்லை.

ஒன்று மட்டும் எங்களால் முடிவு செய்ய முடியாதது. உருதுச் சூத்திரத்துக்குள் சரிந்து இறங்கும் நஸ்தலிக் வைப்பதா, வரி நேராக ஓடும் நஸ்க் வைப்பதா? நஸ்தலிக்தான் பிள்ளைகள் படித்துப் பழகிய எழுத்து. ஆனால் பின்னத்துக்குள் வந்தால் ஒரு சூத்திரம் மூன்று வரி உயரம் எடுக்கிறது. நஸ்க் அடக்கமாக உட்காரும், குர்ஆன் ஓதிய பிள்ளைகளுக்குப் பழக்கமான வடிவமும்கூட. ஆனாலும் பாடப்புத்தகத்தின் முகம் அதில் இல்லை. நிகழ்தகவுப் பாடத்தின் முதல் பக்கத்தை இரண்டு எழுத்துருவிலும் எடுத்து, உருது வழியில் கணிதம் நடத்தும் ஆசிரியர்களிடம் கொடுக்கிறோம். அவர்கள் வகுப்பில் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு எதைச் சொல்கிறார்களோ அதுதான் போகும்.